கைக்குப் போட்ட உரம்

வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை. இதைவிட எளிதாக ஒரு மருந்தைச் சாப்பிடச் சொல்ல முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். காலை, மதியம், இரவு என்ற தொல்லை இல்லை. செவ்வாய்க்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் ஒன்று. அடுத்த செவ்வாய் வரை அந்த அட்டை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். தனிம வரிசை அட்டவணையைப் பார்த்தாலே கொட்டாவி விடும் பிள்ளைகளுக்கு அதைப் புரியவைத்திருக்கிறேன். என்னைப் பெற்றவளுக்கு இந்த ஒரு வரியைப் புரியவைக்க நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல?

அம்மா பூக்கட்டுகிறவள். தோவாளையைச் சுற்றியுள்ள ஊர்களில் அது ஒரு தனி அடையாளமே இல்லை. எங்கள் தெருவில் கட்டாதவர்கள்தான் அபூர்வம். ஆனால் அம்மாவின் கை வேகம் கொஞ்சம் அதிகம். ஈர வாழைநாரில் பிச்சி மொட்டை அடுக்கி, விரலால் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சு விழுவது கண்ணுக்குத் தெரியாது. கேரளத்துக் கல்யாண மாலை என்றால் வியாபாரிகள் அவளைத் தேடி வருவார்கள். அந்தக் கைதான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

போன வருஷம் அந்தக் கையில்தான் நோய் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மணிக்கட்டு வீங்கி, விரல் முட்டிகள் சிவந்து, தேநீர்க் குவளையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவாள். வெயில் ஏறிய பிறகே நாரைத் தொட முடியும். பக்கத்து வீட்டு அத்தை, அம்மாவோடு சேர்ந்து பூக்கட்டுகிறவள், பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

"இது வாதமாக்கும் மைனி. வர்ம ஆசான்கிட்ட எண்ணெய் வாங்கித் தடவு. ஒரு வாரத்துல கை பட்டு மாதிரி ஆயிரும்."

எண்ணெய் வந்தது. வீடெல்லாம் மணத்தது. பூவில்கூட அந்த வாடை ஏறி, வியாபாரி முகம் சுளித்தார். கை மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் அம்மாவை நாகர்கோவிலுக்கு, மூட்டு நோய்களுக்கென்றே படித்த ஒரு பெண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது தேய்மானம் இல்லை. உடம்பே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அந்தச் சண்டையை அடக்கத்தான் இந்த மெத்தோட்ரெக்சேட். இது வலி மாத்திரை இல்லை, தின்ற உடனே கேட்காது, சில வாரங்கள் ஆகும். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் ஒரு ஃபோலிக் ஆசிட் மாத்திரை. சொல்லும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை.

"வீட்டில் மருந்து எடுத்துக்கொடுப்பது யார்?" என்று கேட்டார்.

"நான்தான். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி" என்றேன். கேட்டதற்கு மேல் சொன்னேன் என்பது எனக்கே தெரிந்தது.

எந்தக் கிழமை என்பதை அம்மாதான் முடிவு செய்தாள். ஆடிச் செவ்வாயில் ஔவையாரம்மன் கோயிலுக்குப் போய்க் கொழுக்கட்டை அவிப்பதை அவள் ஒரு வருஷமும் விட்டதில்லை. "செவ்வாய்னா எனக்கு மறக்காது" என்றாள். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன்.

அன்றைக்கே மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்து, பொடி எழுத்து இங்கிலீஷை ஒரு வரி விடாமல் படித்தேன். அம்மாவும் அத்தையும் பூக்குவியலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று தமிழில் சொன்னேன். கல்லீரல், எலும்பு மஜ்ஜை, வெள்ளை அணுக்கள், வாய்ப்புண். எனக்கு நன்றாகவே வந்தது. வகுப்பாக இருந்திருந்தால் பிள்ளைகள் குறிப்பெடுத்திருப்பார்கள்.

"இம்புட்டும் செய்யுத மருந்த மனுசனுக்கு எதுக்குத் தாறாவ?" என்று அத்தை கேட்டாள்.

"அளவோட சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது அத்தை. அளவுதான் முக்கியம்."

"வாரத்துக்கு ஒண்ணு தின்னா அது மருந்தா மக்கா?" என்றாள் அம்மா, நாரைப் பல்லில் கடித்தபடி. "அது சாமிக்கு நேந்த நேர்ச்சையாக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நான் காகிதத்தை மடித்து வைத்தேன்.

முதல் சில வாரம் அம்மாவின் புலம்பல் தாங்கவில்லை. பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல் இருக்கிறதாம். அத்தைக்குக் காய்ச்சலுக்குக் கொடுத்த குளிகை அன்றைக்கே கேட்டதாம். எங்கள் பக்கத்தில் மாத்திரையைக் குளிகை என்பார்கள். அந்தச் சொல்லை அம்மா சொல்லும்போது கோயில் பிரசாதத்தைச் சொல்வதுபோல் இருக்கும். இந்தக் குளிகைக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினால், "டீச்சர் சொல்லியாச்சு, பின்ன எதிர்வாக்கு உண்டா?" என்று அத்தையைப் பார்த்துச் சொல்வாள்.

ஆடி பிறந்தபோது மருந்து கேட்கத் தொடங்கியிருந்தது. வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் அம்மா கையை மூடித் திறந்து, மூடித் திறந்து எனக்குக் காட்டினாள். "கை திரும்பி வந்துட்டு, பாத்தியா?" செவ்வாய்தோறும் நான் எடுத்துக்கொடுப்பதற்கு முன்பே அட்டையோடு வந்து நின்றாள். அட்டை அவள் பூக்கூடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அப்படி ஒரு பொறுப்பைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், ஆசிரியர் அறையில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஆவணி வந்தது. ஆவணி என்றால் எங்களுக்கு ஓணம். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை மலையாளத்து வாசல்களில் பூக்கோலம் போடுவார்கள். கல்யாணங்களும் அந்த மாதத்தில்தான் குவியும். கிரேந்திப் பூவும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக வண்டி ஏறும். மாலைகளுக்கு ஆள் போதாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சமையல் என்று ஒன்று நடப்பதே அதிசயம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவர். விடியுமுன் போனால் பொழுது அடைந்துதான் வருவார். அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழமாட்டாள்.

அந்த வருஷம் அவள் கட்டியதைப் பார்த்துத் தெருவே பேசியது. நோய் வந்த கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் மீண்டுவிட்டாள் என்று நினைத்தேன். நான் படித்த படிப்புக்கு இதைவிட நல்ல பலன் வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

ஓணம் நெருங்கியபோது, கடியப்பட்டணத்து மீன்காரி நல்ல சாளை கொண்டுவந்தாள். அம்மாவுக்கு மிளகாய் அரைத்துவிட்ட சாளைக்கறி என்றால் உயிர். அன்றைக்கு அவள் மோரை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"என்ன, கறி தொடல்லியா?"

"வாய் பொத்துப் போச்சு மக்கா. சுண்ணாம்பு கூடிப்போச்சு."

வெற்றிலை போடும் வாயில் சுண்ணாம்பு பொத்துவது புதிதல்ல. எனக்குக் கோபம் வந்தது. சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும், வெற்றிலையை விடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மறுபடியும் முழுதாகச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆமா மக்கா, சரிதான் மக்கா" என்றாள். என்னோடு அவள் இப்படி ஒத்துப்போனதே இல்லை. வெற்றிலைச் சொற்பொழிவு முதல்முறையாக எடுபட்டது என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

திருவோணத்தன்று எங்கள் மாவட்டத்தில் விடுமுறை. வேலை எல்லாம் முடிந்து வண்டிகள் போய்விட்டன. அம்மா பாயில் படுத்திருந்தாள். தொட்டால் காய்ச்சல் கொதித்தது. முன்கையில் அங்கங்கே கன்றிப்போன திட்டுகள். அத்தை வீட்டிலிருந்து வந்த பாயசத்தை ஒரு கரண்டி வாயில் வைத்தவள் விழுங்க முடியாமல் துப்பினாள். உதட்டை விலக்கிப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்புப் புண் இல்லை. வாய் முழுவதும் வெந்திருந்தது.

அந்தப் பொடி எழுத்துக் காகிதம் அப்படியே கண்முன் விரிந்தது. பூக்கூடை அருகே அட்டையைத் தேடினேன். இல்லை. மூலையில் கூட்டி ஒதுக்கிய வாடிய பூவுக்கும் நார்க்கழிவுக்கும் நடுவில் வெள்ளியாக எதுவோ மினுங்கியது. இழுத்தேன். புதிதாக வாங்கிய அட்டை. எல்லாக் குழியும் பிதுங்கிக் காலியாக இருந்தது.

"எம்மா, இது என்னது?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தெனமும் தின்னியா?"

"அத்தம் தொட்டு" என்றாள் மெல்ல.

"எதுக்கு? நான் எத்தனை தடவ சொன்னேன்?"

"ஓணத்துக்குப் பூ வேணும்னா தோட்டத்துல முன்கூட்டியே செடிக்கு உரமும் தண்ணியும் கூட்டி விடுவாவ இல்லியா? சீசனுக்குக் கை வேண்டாமா? அதான் கைக்கும் போட்டேன்."

எலும்பு மஜ்ஜை, கல்லீரல் என்று மாதக்கணக்கில் நான் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை. ஆனால் அதற்கென்று ஒரு கணக்கு, செடியும் உரமும் சீசனுமாக, அவளிடம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனைக்கும் மேலே, வாய் வெந்ததைச் சுண்ணாம்பின் தலையில் போட்டுவிட்டு என் சொற்பொழிவையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த அணுக்கள் எல்லாமே இறங்கியிருந்தன. மருந்தை முறிக்க ஊசி போட்டார்கள். தொற்று வந்துவிடக் கூடாது என்று தனி அறையில் வைத்தார்கள். அந்தப் பெண் டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"பிழைத்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். ரத்தம் ஏறுகிறதா என்று பார்க்கலாம்" என்றார்.

'நினைக்கிறேன்' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அந்த நாட்களை ஓட்டினேன். அப்பா வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

மெதுவாக ரத்தம் ஏறியது. காய்ச்சல் விட்டது. கஞ்சி இறங்கியது. அம்மாவுக்குப் பேச்சு வந்ததும் முதலில் பேசியது இதுதான்:

"உரம் கூடி வேரு வெந்துபோச்சு. அதானே சங்கதி?"

"ஆமா."

"இதை நீ முதல்லே இப்பிடிச் சொல்லப்பிடாதா?"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அங்கிருந்தே சொன்னேன், "தெனமும் தின்னா செத்துப்போவன்னு சொன்னேன். அதுல எது வெளங்கல்ல?"

"நீ எல்லாத்துக்கும்தான் அப்பிடிச் சொல்லுவ. வெத்தலைக்கும் சொன்ன. கருப்பட்டிக்கும் சொன்ன."

இதற்குள் பார்வையாளரை அனுமதிக்கும் நேரம் வந்து அத்தை உள்ளே நுழைந்தாள். கையில் ஆசானின் எண்ணெய். அதை வாசலிலேயே பிடுங்கி வைத்தேன். அத்தை கட்டிலோரம் நின்று அம்மாவின் கன்னத்தைத் தடவினாள்.

"இங்கிலீஷ் மருந்து சூடாக்கும்னு நான் அப்பவே சொன்னேன். ஆனா பாரு மைனி, எனக்கு ஒண்ணும் செய்யல்ல."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத்தை" என்றேன். "உங்களுக்கு எதுக்குச் செய்யணும்?"

"முட்டு வலிக்கிதுன்னு ஒண்ணு கேட்டேன். மைனி கை நல்லா ஆச்சுல்லா, அதான். ரெண்டோ மூணோ, கணக்கு வச்சேனா?"

அத்தையின் கையைப் பிடித்துக் கீழே ரத்தம் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள், "ஏட்டி, கையை விடு, ஆளுவ பாக்காவ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. தனக்கு நல்ல ரத்தம் என்று டாக்டரே எழுதிக்கொடுத்ததாக இன்றுவரை தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா வீடு வந்தாள். எனக்கு உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பிவிட்டது. மணிக்கட்டு மறுபடி வீங்கியது. ஒரு காலையில் அவள் நாரை நனைத்து மடியில் பூவைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மொட்டை எடுத்தாள், நழுவியது. இன்னொன்றை எடுத்தாள். சுற்றினாள், இழுக்க விரல் மூடவில்லை. நாரை வாயில் கடித்து இழுத்தாள். முடிச்சு மொட்டைத் துண்டாக்கியது. "சவத்த" என்று எல்லாவற்றையும் கூடையில் தள்ளிவிட்டு, சிறிது நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, அந்தக் குளிகை இனி தரமாட்டாவளா?"

அவள் என்னிடம் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் கல்லூரிக் கட்டணத்துக்குக்கூட அவள் வியாபாரியை அதட்டித்தான் முன்பணம் வாங்கினாள். அதுவரை கடுகடுப்பாக வைத்திருந்த முகத்தை அதற்கு மேல் என்னால் அப்படி வைத்திருக்க முடியவில்லை.

டாக்டர் ரத்தத்தை மறுபடி மறுபடி பார்த்து, எல்லாம் சரியான பிறகு, குறைந்த அளவில் தொடங்கலாம் என்றார். ஆனால் இந்த முறை என்னிடம் பேசவில்லை. நாற்காலியை அம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"எப்படிச் சாப்பிடுவீங்க, நீங்களே சொல்லுங்க."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாரம் ஒண்ணு. ஓணம் வந்தாலும் ஒண்ணு. கல்யாணச் சீசன்னாலும் ஒண்ணு. பிச்சிக்கு என்ன விலை போனாலும் ஒண்ணு."

"ஒரு செவ்வாய் மறந்துட்டா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கப் போனேன். டாக்டர் கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

"மறந்ததுக்கும் சேத்து ரெண்டா திங்கப்பிடாது. ஒங்களுக்கு போன் போட்டுக் கேக்கணும்."

"பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டா?"

"அவளுக்கு நல்ல ரத்தமாக்கும். அவளுக்கு வேண்டாம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். அட்டை வீட்டில் இருக்கக் கூடாது, என் கையில்தான் இருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து அது என் பள்ளிக்கூடப் பைக்குள், ஜிப் வைத்த உள்அறையில் இருக்கிறது. செவ்வாய்க் காலை பலகாரம் முடிந்ததும் ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்துக்கு ஓடுவேன்.

கை மறுபடி தேறிவருகிறது. ஆனால் அம்மாவின் இந்தப் புது ஒழுக்கம் பழைய ஒழுங்கீனத்தைவிட அதிகம் படுத்துகிறது. திங்கள் மாலையே, "நாளைக்கு செவ்வாயாக்கும்" என்று நினைவூட்டுவாள். நான் ஜிப்பைத் திறக்கும்போது எட்டிப் பார்ப்பாள். கொடுத்ததும் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, விழுங்கியாயிற்று என்று காட்டுவாள். நான் அதைக் கேட்டதே இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாயன்று அறிவியல் கண்காட்சிக்காக விடியும்போதே கிளம்ப வேண்டியிருந்தது. அம்மா பலகாரத்துக்கு அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. சாயங்காலம் வந்து தருகிறேன், அன்றைக்குள் சாப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மதிய மணி அடித்தபோது ஆசிரியர் அறை வாசலில் அம்மா நின்றாள். சேலையில் அங்கங்கே நார் ஒட்டியிருந்தது. கையில் ஒரு தூக்குவாளி.

"என்னம்மா இது?"

"குளிகைக்கு வந்தேன். சோறு தின்னாச்சு. தண்ணியும் கொண்டாந்திருக்கேன்."

"சாயங்காலம் தாறேன்னு சொன்னேன்லா."

"ஒனக்க சாயங்காலம் எனக்குத் தெரியாதா? பஸ்ஸு பிந்தும், வெளக்கு வச்சிரும். வெளக்கு வச்சா செவ்வாய் தீந்துரும். பின்ன புதனுக்குத் தின்னா, அடுத்தது என்னைக்கு? எல்லாம் தெத்திப்போவும்."

அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். விலங்கியல் ஆசிரியை என்ன மாத்திரை என்று கேட்டார். அவருடைய மாமியாருக்கும் கை வீக்கமாம். அவ்வளவுதான். அம்மா தூக்குவாளியை என் மேஜைமேல் வைத்தாள்.

"இது வாரம் ஒண்ணாக்கும் டீச்சர். தெனமும் தின்னா வேரோட வெந்துபோவும். நான் தின்னு பாத்தவளாக்கும் சொல்லுகேன். மாமியாருக்கு நீங்களா வாங்கிக் கொடுத்திராதீங்க. டாக்டரைப் பாக்கணும், ரத்தம் எடுக்கணும்." பிறகு என் பக்கம் தலையைச் சாய்த்து, "இவளுக்கும் தெரியும். ஆனா எடுத்துச் சொல்லத் தெரியாது. புஸ்தகத்துல உள்ள மாதிரி சொல்லுவா."

எல்லோரும் சிரித்தார்கள். பத்து வருஷமாகப் படித்தும், படிப்பித்தும் சம்பாதித்த என் மரியாதை அந்த மேஜைமேல் தூக்குவாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் பையைத் திறந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் அதை மூடிப் பிடித்தன, முழுதாக மூடின. விழுங்கினாள். அத்தனை பேர் நடுவிலும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"போம்மா, போ. பஸ்ஸு வந்திரும்."

அவள் நகரவில்லை. என் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜிப்பு போட்டியா?"

"போட்டேன்."

"இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அதை அவளும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.